சராசரிக் கணக்கில் காணாமல் போகும் குக்கிராமங்கள்

பயிர்க் காப்பீடு செய்த விவசாயிகளுக்கு 'சராசரி' என்ற சொல்லின் வலி தெரியும். மழை பொய்த்து உங்கள் மக்காச்சோளம் கருகிப் போயிருக்கும். ஆனால், வறட்சியால் ஏற்படும் மகசூல் இழப்புக்கு உங்கள் வயலைத் தனியாகப் பார்ப்பதில்லை. வருவாய் கிராமத்திலோ பிர்காவிலோ சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, மொத்தப் பகுதிக்கும் சராசரி மகசூலைக் கணக்கிடுகிறார்கள். அந்தச் சராசரி குறையவில்லை என்றால் உங்களுக்கு இழப்பீடு இல்லை. பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரில் விளைந்த வயல், உங்கள் நஷ்டத்தை மறைத்துவிடும்.

சாலை, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், குடிநீர், நிலப் பட்டா என எல்லாவற்றிலும் இதே கதைதான் நடக்கிறது. ஊராட்சிக்கு ஒரு எண், ஒன்றியத்துக்கு ஒரு எண், மாவட்டத்துக்கு ஒரு எண். அந்த எண் நன்றாக இருந்தால், அதற்குள் இருக்கும் கடைசிக் குக்கிராமம் கண்ணில் படாது. இதை மாற்ற உங்கள் கையில் ஒரு கருவி இருக்கிறது. உங்கள் ஊரின் பட்டியலும் வரைபடமும்தான் அது. அதை நீங்களே தயாரிக்கலாம். சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது.

கல்வராயன் மலை சொல்லும் பாடம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. நாட்டின் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011-ல். அதாவது, கள்ளக்குறிச்சி என்ற மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு கணக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை. 2011-ல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34.58 லட்சம். அதில் பழங்குடியினர் சுமார் 2 சதவீதம் மட்டுமே. நூறு பேரில் இரண்டு பேரின் நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தாலும், மாவட்டச் சராசரியில் அது தெரியவே தெரியாது.

அந்த இரண்டு சதவீதத்தில் கணிசமானோர் வாழும் இடம் கல்வராயன் மலை. தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்களான மலையாளிப் பழங்குடியினர்தான் இங்கு பெரும்பான்மை. சாமை, மரவள்ளி, மக்காச்சோளம் பயிரிடுவதும், கடுக்காய், தேன் சேகரிப்பதும் இவர்களின் பிழைப்பு. மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976-ல்தான் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தில் விதைத்தும் கையில் பட்டா இல்லாதவர்கள் இன்றும் மலையில் இருக்கிறார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. சாலை, மருத்துவம், கல்வி, வேலை என்று ஒவ்வொன்றாகக் கேள்வி எழுந்தது. மலையில் வசதி இல்லை என்பது மலையில் இருப்பவர்களுக்கு எப்போதும் தெரிந்த விஷயம். ஆனால் அது அரசின் கணக்கில் ஏற, அத்தனை உயிர்கள் போன பிறகு ஒரு நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது.

ஒரு சின்னக் கணக்கு

சராசரி எப்படி மறைக்கிறது என்று புரிய, கற்பனையாக ஒரு மலை ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். ஐந்து குக்கிராமங்கள். குடும்பங்கள் முறையே 120, 60, 40, 20, 10. மொத்தம் 250. ரேஷன் கடைக்கு நடக்க ஆகும் நேரம் முறையே 10, 20, 30, 90, 150 நிமிடங்கள்.

குடும்பத்துக்குச் சராசரி எவ்வளவு? ஒவ்வொரு குக்கிராமத்தின் குடும்ப எண்ணிக்கையை அதன் நடை நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் 6,900. அதை 250-ஆல் வகுத்தால் சுமார் 28 நிமிடம். 'பரவாயில்லையே' என்று தோன்றும். ஆனால் கடைசி இரண்டு குக்கிராமங்களின் 30 குடும்பங்கள், ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலோ அரிசி சுமந்து நடக்கின்றன.

இப்போது ஒரு பகுதிநேரக் கடை திறக்க அனுமதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கே திறப்பது? தலைகளை மட்டும் எண்ணினால், 60 குடும்பங்கள் உள்ள இரண்டாவது ஊரில் என்போம். அப்படிச் செய்தால் சராசரி 23 நிமிடமாகக் குறையும். கடைசி 30 குடும்பங்களுக்கு எந்த மாற்றமும் இருக்காது. நான்காவது ஊரில் திறந்தால்? ஐந்தாவது ஊரிலிருந்து அங்கே வர 60 நிமிடம் என்று கொள்வோம். அப்போது சராசரி 17 நிமிடம். அதிகம் சிரமப்படுவோருக்கு முதலில் கொடுத்ததில், ஊராட்சி மொத்தத்துக்கும் நன்மை கூடிவிட்டது.

எல்லா ஊரிலும் கணக்கு இப்படிச் சாதகமாக அமையாது. சில இடங்களில் சராசரி பெரிய ஊருக்கே சாதகமாக இருக்கும். அப்போது கிராம சபை வேறு ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: 'எந்தக் குடும்பமும் இத்தனை நிமிடத்துக்கு மேல் நடக்கக் கூடாது' என்று நாம் வைக்கும் எல்லை என்ன? எல்லோருக்கும் ஒரே அளவு என்பது ஒரு விதமான நியாயம். அதிகம் பின்தங்கியவருக்கு அதிகம் என்பதுதான் சமநீதி.

முதல் வேலை: பட்டியல்

வரைபடத்துக்கு முன் பட்டியல் வேண்டும். பட்டியலில் இல்லாத ஊர் வரைபடத்தில் வராது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்கள் வருவாய் கிராம வாரியாக வெளியாகின்றனவே தவிர, குக்கிராம வாரியாக அல்ல. எனவே இந்த வேலையை ஊர்தான் செய்ய வேண்டும்.

வன உரிமைச் சட்டம் 2006-ன் கீழ், 2012-ல் திருத்தப்பட்ட விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஒவ்வொரு ஊராட்சியும் தன் எல்லைக்குள் உள்ள குக்கிராமங்கள், பதிவேட்டில் ஏறாத குடியிருப்புகள், அளக்கப்படாத குடியிருப்புகள் ஆகியவற்றின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். அந்தந்தக் குடியிருப்பின் கிராம சபையில் அது தீர்மானமாக வேண்டும். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு போன்ற பெரிய ஊர்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவற்றைச் சுற்றி ஏழெட்டு வீடுகளோடு இருக்கும் குடியிருப்பின் பெயர் உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நீளமான நோட்டு எடுங்கள். ஒரு குக்கிராமத்துக்கு ஒரு வரி. இந்தத் தலைப்புகள் போதும்:

1. குக்கிராமத்தின் பெயர். மக்கள் அழைக்கும் பெயரையும், அரசுப் பதிவில் உள்ள பெயரையும் இரண்டையும் எழுதுங்கள்.
2. குடும்பங்கள் எத்தனை, அதில் பெண்ணே தலைவியாக உள்ள குடும்பங்கள் எத்தனை.
3. ரேஷன் கடை, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றுக்கு நடை நேரம்.
4. மழைக்காலத்தில் பாதை துண்டிக்கப்படுமா, எத்தனை நாள்.
5. கோடையில் குடிநீர் எங்கிருந்து வருகிறது.
6. உழும் குடும்பங்களில் பட்டா உள்ளவர்கள், விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள், நிராகரிக்கப்பட்டவர்கள், விண்ணப்பிக்கவே இல்லாதவர்கள்.

தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாமல் நிமிடத்தில் எழுதுவது முக்கியம். அலுவலகத்தில் வரைபடத்தின் மேல் நேர்கோடு போட்டால் நான்கு கிலோமீட்டர் என்று வரும். நடுவில் ஒரு பள்ளத்தாக்கும் ஓடையும் இருந்தால், சுமையோடு நடப்பவருக்கு அது அரை நாள் வேலை.

தரையில் வரையும் வரைபடம்

அடுத்து, வரைபடம். கைபேசியை அப்புறம் எடுக்கலாம். முதலில் கோலமாவும் கற்களும் இலைகளும் போதும். ஊர்ப் பொதுவிடத்தில் உட்கார்ந்து, ஓடை, பாதை, வீடு, காடு என்று தரையில் வரையுங்கள். 1990-களில் தென்னிந்தியக் கிராமங்களில் பரவலான முறை இது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதில் திருத்தம் சொல்ல முடியும் என்பதே இதன் பலம்.

ஆண்கள் ஒரு வரைபடமும் பெண்கள் ஒரு வரைபடமும் தனித்தனியாக வரையட்டும். ஆண்கள் பொதுவாக நில எல்லையையும் சாலையையும் முதலில் போடுவார்கள். பெண்கள் தண்ணீர் எடுக்கும் இடத்தையும், விறகு பொறுக்கும் பாதையையும், இரவில் போகப் பயப்படும் இடத்தையும் காட்டுவார்கள். இரண்டையும் சேர்த்தால்தான் ஊர் முழுமையாகும்.

அதன் பிறகு கைபேசியில் ஜிபிஎஸ்ஸை இயக்கி, எல்லைகளை நடந்து பதியுங்கள். இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். ஒன்று, கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். அடர்ந்த மரத்தடியிலும் பாறைச் சரிவிலும் இன்னும் அதிகம் பிசகும். ஒவ்வொரு மூலைக்கும் பக்கத்தில் உள்ள பெரிய மரம், பாறை, ஓடைத் திருப்பம் போன்ற அடையாளத்தையும் எழுதிவையுங்கள்.

இரண்டு, சரிவு. வரைபடம் நிலத்தை மேலிருந்து தட்டையாகப் பார்க்கிறது. மலைச் சரிவில் சங்கிலி போட்டு அளந்தால் வரும் பரப்பு, வரைபடத்தில் வரும் பரப்பைவிட அதிகம். சரிவு 20 டிகிரி என்றால், தரையில் அளந்த 1 ஏக்கர் வரைபடத்தில் சுமார் 94 சென்ட். 30 டிகிரி என்றால் சுமார் 87 சென்ட். கொத்தி விதைக்கும் சரிவு நிலத்தில் அளவு குறைந்து வந்தால், யாரோ நிலத்தைக் குறைத்துவிட்டதாக உடனே சண்டைக்குப் போக வேண்டாம். எந்த முறையில் அளந்தது என்று முதலில் கேளுங்கள்.

பட்டா இல்லாதவர் கணக்கில் இல்லை

இது ஏன் இப்போது அவசரம்? விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண், நில ஆவணத்தை ஆதாருடன் இணைத்து வழங்கப்படுகிறது. இனி பல திட்டங்களுக்கு அதுவே வாசற்படி ஆகப் போகிறது. ஆவணத்தில் பெயர் இல்லாதவர் எவ்வளவு நன்றாக விவசாயம் செய்தாலும், கணினியின் பார்வையில் அவர் விவசாயி இல்லை.

வன நிலத்தில் பயிர் செய்யும் பழங்குடிக் குடும்பங்களுக்கு வழி, வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அந்த நிலத்தைப் பயன்படுத்தி வருபவர், உண்மையில் பயன்படுத்தும் அளவுக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். திருமணமானவர் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரிலும் உரிமைப் பத்திரம் வர வேண்டும். பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தனிநபர் உரிமைக்குப் படிவம் 'ஏ', சமூக உரிமைக்குப் படிவம் 'பி', ஊர் காத்துவரும் சமூக வன வளத்துக்குப் படிவம் 'சி'. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பல ஆண்டுகள் உரிமைப் பத்திரம் வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடை நீங்கியது.

கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். நீங்கள் வரைந்த வரைபடத்தை இந்தக் குழு நேரில் வந்து சரிபார்க்கும்போதுதான் அது சான்றாக வலுப்பெறுகிறது.

செயற்கைக்கோள் படம் மட்டும் போதாது

குஜராத் அனுபவம் இதில் முக்கியமானது. அங்கே ஆயிரக்கணக்கான பழங்குடி விவசாயிகளின் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. பல இடங்களில், செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. மானாவாரியில் ஒரு போகம் விதைத்து, அறுத்து, மீதி மாதங்கள் சும்மா கிடக்கும் நிலம் கோடையில் எடுத்த படத்தில் எப்படித் தெரியும்? மக்களோடு வேலை செய்த ஆர்ச் வாகினி என்ற அமைப்பு, விவசாயிகளே ஜிபிஎஸ் கருவியோடு நடந்து தங்கள் நிலத்தை வரைய உதவியது, நீதிமன்றத்துக்கும் போனது. செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது, மற்ற சான்றுகளையும் பார்க்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை 2013-ல் குஜராத் உயர் நீதிமன்றம் எடுத்தது. நிராகரித்த கோரிக்கைகளை மறுபடி பரிசீலிக்கவும் சொன்னது.

2012 விதிகளும் இதையே சொல்கின்றன. செயற்கைக்கோள் படம் மற்ற சான்றுகளுக்குத் துணையாக வரலாம்; அவற்றுக்கு மாற்றாக முடியாது. குறிப்பிட்ட ஒரு ஆவணம் இருந்தால்தான் ஏற்போம் என்றும் அதிகாரிகள் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. உரிமை கோருபவர் அல்லாத ஒரு பெரியவரின் எழுத்து மூலமான வாக்குமூலமும் சான்றே. பழைய அபராத ரசீது, கிணறு, கல்வரப்பு, முன்னோர் சமாதி எல்லாமே சான்றாகலாம். குறைந்தது இரண்டு வகைச் சான்றாவது இணையுங்கள்.

நிராகரிப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கிராம சபை முடிவின் மீது கோட்ட அளவிலான குழுவிடமும், அதன் முடிவின் மீது மாவட்டக் குழுவிடமும் 60 நாட்களுக்குள் முறையிடலாம். 'சரி, போகட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். 2019 பிப்ரவரி 13 அன்று, கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் 28-ம் தேதி அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. நிராகரிப்பு என்ற ஒரு சொல் குடியிருப்பையே அசைக்கும் என்பதை அந்த இரண்டு வாரங்கள் காட்டின.

வரைபடம் சாலையும் கொண்டுவரும்

வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2) பலருக்குத் தெரியாது. பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, மருத்துவமனை, குடிநீர்த் தொட்டி, சிறு பாசன அமைப்பு, சாலை உள்பட 13 வகை வசதிகளுக்கு வன நிலத்தை ஒதுக்க அது வழி செய்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் தேவைப்படும் நிலம் 1 ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வெட்ட வேண்டிய மரங்கள் ஹெக்டேருக்கு 75-க்கு மேல் போகக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். 'வன நிலம், அதனால் முடியாது' என்ற பதில் வந்தால், எந்தப் பிரிவின் கீழ் கேட்டோம் என்பதைத் தீர்மானத்தில் காட்டுங்கள்.

மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்ற கோண்டு பழங்குடிக் கிராமம் உண்டு. தங்கள் காட்டின் எல்லையைத் தாங்களே வரையறுத்து, சுமார் 1,800 ஹெக்டேருக்கு 2009-ல் சமூக வன உரிமை பெற்றார்கள். 2011-ல் மூங்கிலை விற்கும் போக்குவரத்து அனுமதிச் சீட்டும் கிராம சபையின் கைக்கே வந்தது. கடுக்காயும் தேனும் புளியும் எடுக்கும் மலை ஊர்களுக்கு இது வெறும் செய்தி அல்ல. யார் விலை பேசுவது என்பதே இதில் மாறுகிறது.

சமவெளிக்கும் களப்பணியாளருக்கும்

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும். கோமுகி, மணிமுக்தா பாசனத்தில் தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே 'பாசனப் பரப்பு' என்றுதான் பதிவாகிறது. ஒவ்வொரு மதகுக்கும் தண்ணீர் வந்த நாட்களைக் குறித்து வரைபடத்தில் நிறம் தீட்டிப் பாருங்கள். கடைமடையின் குறை அப்போது எல்லோர் கண்ணிலும் படும்.

வேளாண், தோட்டக்கலைத் துறைக் களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் போட்ட செயல்விளக்கத் திடல்கள், கொடுத்த விதை, சொட்டுநீர் மானியம், தார்ப்பாய் எல்லாவற்றையும் புள்ளிகளாக வரைபடத்தில் வையுங்கள். ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1983-லேயே எச்சரித்தார்: கிராமம் பார்க்க வருபவர்கள் தார்ச்சாலை ஓரத்தை மட்டுமே பார்த்துத் திரும்புகிறார்கள் என்று. உங்கள் புள்ளிகள் சாலையோரமாகவே வரிசை கட்டி நிற்கின்றனவா? நின்றால் அது யாருடைய தவறும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு முதல் திடலை எந்தக் குக்கிராமத்தில் போடுவது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எதைக் காட்டக் கூடாது

எல்லாவற்றையும் வெளியே காட்டிவிடக் கூடாது. தேனடை மரம், மூலிகை கிடைக்கும் இடம், கோயில் காடு ஆகியவற்றின் துல்லியமான இடத்தை ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் எண்ணையும் வங்கி எண்ணையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். மூலப் பிரதி கிராம சபையிடம் இருக்கட்டும். அலுவலகத்துக்கு நகல் போதும். நகலைக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

அடுத்த கிராம சபைக்குள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் தேதிக்குள் பட்டியலை முடியுங்கள். நடை நேரத்தில் மோசமான ஊர் மேலே வருமாறு வரிசைப்படுத்துங்கள். கூட்டத்தில் அந்த வரிசையைச் சத்தமாக வாசியுங்கள். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் வேலைகள் அந்த வரிசைப்படி வர வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். வன உரிமைக் கோரிக்கைகளை முடிவு செய்யும் கூட்டத்துக்கு மட்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதியை மறக்காதீர்கள்.

நாட்டின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதி. கள்ளக்குறிச்சி தன் பெயரில் எண்ணப்படப் போவது அப்போதுதான். கணக்கெடுப்பாளர் மலையேறி வரும்போது, 'அந்தப் பள்ளத்துக்கு அப்பால் எட்டு வீடு இருக்கிறது, வாருங்கள்' என்று கூட்டிப் போக உங்கள் நோட்டு தயாராக இருக்கட்டும்.